சனிக்கிழமைக் கூலி

உங்கள் வீட்டில் ஐ.டி. கம்பெனிக்குப் போகும் பிள்ளை யாராவது இருந்தால், கடந்த ரெண்டு மூணு வருஷமாக ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். சனி, ஞாயிறு ராத்திரிகளில் தூங்குவதில்லை. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, 'டிஸ்க் தெரியுதா... பூட் ஆகுதா... இன்னும் இல்லையா?' என்று யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருக்கும். காதல் விவகாரமோ என்று பயப்படாதீர்கள். மைக்ரேஷன். வீடு மாற்றுகிறார்கள். பெட்டி படுக்கையை அல்ல, கம்ப்யூட்டர்களை. அதுவும் கண்ணுக்கே தெரியாத கம்ப்யூட்டர்களை.

கண்ணுக்குத் தெரியாத கம்ப்யூட்டரா என்று கேட்பீர்கள். திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனம் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வீடு. உள்ளே எட்டுக் குடும்பம். எட்டுக்கும் தனித்தனி அடுப்பு, தனித்தனி பூட்டு. அந்த மாதிரி ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் எட்டோ, எண்பதோ சின்னக் கம்ப்யூட்டர்கள் குடியிருக்கும். ஒவ்வொன்றும் தனக்கென்று தனி டிஸ்க், தனி மெமரி, தனி நெட்வொர்க் கார்டு இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். எல்லாம் பாவனை. இந்த பாவனைக் கம்ப்யூட்டருக்கு வர்ச்சுவல் மெஷின் என்று பெயர். பாவனையை நடத்தி வைக்கும் வீட்டுக்காரர், ஹைப்பர்வைசர். கம்ப்யூட்டரில் முக்கியமான புரோகிராமை ஒரு காலத்தில் சூப்பர்வைசர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசருக்கும் மேலே ஒருத்தர் வந்ததும் ஹைப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். நம் ஊர் மில்லாக இருந்தால் 'பெரிய மேஸ்திரி' என்றிருப்போம்.

இது ஒன்றும் புதுசில்லை. ஐ.பி.எம். 1972-லேயே தன் ராட்சச மெஷின்களுக்கு இதை விற்றது. சாதாரண கம்ப்யூட்டருக்கும் இது சரிப்படும் என்று காட்டியது 1998-ல் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்த விஎம்வேர். அடுத்த இருபது வருஷம் அவர்கள் காட்டில் மழை. பாங்கு, ஆஸ்பத்திரி, கவர்மெண்ட் ஆபீஸ் என்று எங்கே போனாலும் அவர்கள் வீட்டில்தான் குடித்தனம்.

2023 நவம்பர் 22-ல் விஎம்வேரை பிராட்காம் வாங்கி முடித்தது. (அதே நவம்பர் 22-ல்தான், 2019-ல், எங்கள் தென்காசி தனி மாவட்டமாக உதயமானது. ரெண்டுக்கும் சம்பந்தமில்லை. ஊர்க்காரனுக்குத் தேதி ஞாபகம் இருக்கும், அவ்வளவுதான்.) அந்த டிசம்பரிலேயே ஒரு அறிவிப்பு. இனி ஒரே தடவை காசு கொடுத்து வாங்கி ஆயுசுக்கும் வைத்துக்கொள்வது கிடையாது, சந்தாதான். 2024 பிப்ரவரியில் இலவசப் பதிப்பையும் நிறுத்தினார்கள். (2025 ஏப்ரலில் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள் என்பது வேறு கதை.) உடனே குடித்தனக்காரர்கள் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். சிலர் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி வீட்டுக்கு, சிலர் நூட்டானிக்ஸுக்கு. கையில் காசு குறைவாகவும் தைரியம் கூடுதலாகவும் இருந்தவர்கள் ப்ராக்ஸ்மாக்ஸுக்கு. இது வியன்னாவில் தயாராவது, மூலம் திறந்தது, இலவசமாகவே ஓட்டலாம். உள்ளே இருப்பது 2007 முதல் லினக்ஸோடு சேர்ந்தே வரும் கேவிஎம் என்கிற இயந்திரம்.

இதெல்லாம் பெங்களூரு, சென்னைக்காரர்களின் தலைவலி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், 2024 ஜூலையில் ஆடித்தபசுக்காக சங்கரன்கோவிலில் போய் இறங்கும்வரை.

சங்கரன்கோவிலைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ராத்திரி எழும்பூரில் பொதிகையில் ஏறினால் காலையில் இறங்கிக்கொள்ளலாம். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்களுக்குள் சிவன் பெரியவரா, விஷ்ணு பெரியவரா என்று சண்டை வர, கோமதி அம்மன் தவமிருந்து, சுவாமி ஒரே உடம்பில் ஒரு பாதி சங்கரனாகவும் மறு பாதி நாராயணனாகவும் காட்சி கொடுத்த தலம். புற்றுமண்தான் பிரசாதம். ஆடியில் பன்னிரண்டு நாள் திருவிழா. அது போக மல்லிகைப் பூ மார்க்கெட் உண்டு, பிரியாணி உண்டு. எல்லாவற்றுக்கும் பின்னணி இசையாக, தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம்.

அந்தத் தறிகளுக்குப் பாவும் ஊடை நூலும் கொடுத்து, சேலையாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வியாபாரி ஒருவர் எனக்குப் பழக்கம். பள்ளிக்கூடத்தில் எனக்கு நாலு வகுப்பு மேலே. பெயர் வேண்டாம். ஊரே அவரை அண்ணாச்சி என்கிறது, நானும் அப்படியே. வாரம் முழுக்க யார் எத்தனை சேலை இறக்கினார்கள் என்று கணக்குப் பார்த்து, சனிக்கிழமை சாயங்காலம் கூலி போடுவார். அறுபது குடும்பத்துக்கு மேல் அதை நம்பி இருக்கிறது. கூலி மட்டும் இல்லை. கல்யாணம், காலேஜ் ஃபீஸ், ஆஸ்பத்திரி என்று அவர்கள் வாங்கியிருக்கும் முன்பணம், அதில் வாரா வாரம் கழித்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பதும் அதே கணக்கில்தான். முன்னே இதற்கெல்லாம் சிட்டை இருந்தது. நீளமான, சிவப்பு அட்டை போட்ட சிட்டை. கம்ப்யூட்டர் வந்து ரெண்டு மூணு வருஷம் அதையும் எழுதி இதையும் அடித்தார்கள். பிறகு கணக்கப்பிள்ளை ஓய்வெடுத்துக்கொள்ள, சிட்டையும் ஓய்வெடுத்துக்கொண்டது.

2024 ஜூலை 19 உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். உலகம் பூரா கம்ப்யூட்டர்கள் நீலம் பாரித்துப் படுத்த வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த கோளாறான ஒரு அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்ததாக மைக்ரோசாஃப்டே கணக்குச் சொன்னது. நம் ஏர்போர்ட்டுகளில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மத்தியானம் டி.வி.யில் அந்த நீலத் திரைகளைக் காட்டிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சியிடமிருந்து போன்.

"தம்பி, டி.வி.ல காட்டுதான்லா, அதே நீலம்தான் நம்ம கடைலயும் நிக்கி. அமெரிக்காக்காரன் நம்மளயும் பிடிச்சிட்டானா?"

என் தம்பி மகனும் தபசுக்கு வந்திருந்தான். சென்னையில் இதே வேலைதான் அவனுக்கு. நான் சொன்ன சனி ஞாயிறு ராத்திரிக் கோஷ்டி. திருவிழாவுக்கு வந்த பிள்ளையைத் தொந்தரவு செய்யக்கூடாதுதான். ஆனாலும் மறுநாள் சனிக்கிழமை. கூட்டிக்கொண்டு போனேன்.

கடையின் பின்கட்டில், நூல் பேல்களுக்கு நடுவே ரெண்டு பெட்டிகள். ஒன்று பழசு. விஎம்வேரின் 6.7 பதிப்பை ஓட்டிக்கொண்டிருந்தது. (அந்தப் பதிப்புக்கு ஆதரவு 2022 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அண்ணாச்சிக்கு யாரும் சொல்லவில்லை.) உள்ளே இருந்த ஜோடி டிஸ்க்கில் ஒன்று மாசி மாசமே போய்விட்டது. மற்றது தறி நாடா மாதிரி டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் பளபளவென்று புதுப்பெட்டி, ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டது. வியாழக்கிழமை ராத்திரி ஒரு ஆள் வந்து, பழசிலிருந்து புதுசுக்கு எல்லாவற்றையும் காப்பி போட்டு, 'காலையில ஆன் பண்ணிக்கிடுங்க' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். காலையிலிருந்து அவர் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே.

குடிபோக வேண்டிய வர்ச்சுவல் மெஷின்கள் இரண்டு. ஒன்றில் விண்டோஸ் சர்வர், கூலி போடும் புரோகிராம் அதில். இன்னொன்றில் லினக்ஸ், சென்ட்ஓஎஸ் 7. கணக்கு முழுக்க அதில். ரெண்டும் எழுந்தால்தான் கூலி.

"கிரவுட்ஸ்ட்ரைக் இல்ல பெரியப்பா. அது வேற வியாதி, இது வேற வியாதி. கலர் மட்டும்தான் ஒண்ணு" என்றான் திரையைப் பார்த்து. கீழே பொடி எழுத்தில் இருந்ததை வாசித்தான். 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்.' எந்த டிஸ்க்கிலிருந்து எழுந்திருக்க வேண்டுமோ, அதையே அணுக முடியவில்லை என்று அர்த்தம்.

முதலில் அவன் தொட்டது எதையும் இல்லை. புதுப்பெட்டிக்கு வந்திருந்த ரெண்டு டிஸ்க் ஃபைல்களையும் அப்படியே இன்னொரு தடவை நகல் எடுத்தான். அது முடிய முக்கால் மணி நேரம். அண்ணாச்சி பொறுமை இழந்து, "பழைய பெட்டியவே திருப்பிப் போட்டா என்னய்யா?" என்றார்.

"அது கடைசி அஸ்திரம் அண்ணாச்சி. அந்த டிஸ்க் போடுத சத்தத்தக் கேட்டீங்கல்லா? இன்னொரு தடவ சுத்தவிட்டா திரும்ப நிக்குமான்னு சொல்ல முடியாது. காப்பி முழுசா வந்திருக்கு. இத எழுப்பிருவோம்."

இப்போது உங்களுக்குக் கொஞ்சம் பாடம். கம்ப்யூட்டர் எழுந்திருப்பது ஒரே மூச்சில் நடப்பதில்லை. பட்டனை அமுக்கியதும் முதலில் விழிப்பது மதர்போர்டிலேயே ஊறிப்போன ஒரு சின்ன புரோகிராம். அது டிஸ்க்கின் ஆரம்பத்தைத் தடவி, விண்டோஸின் முதல் சில துண்டுகளை மெமரியில் ஏற்றிவிட்டு, 'இனி உன் பாடு' என்று ஒதுங்கிக்கொள்ளும். அந்த நிமிஷத்திலிருந்து டிஸ்க்கைப் படிக்க விண்டோஸுக்கு சொந்தமாக ஒரு டிரைவர் வேண்டும். ரயிலடியிலிருந்து வாசல் வரை கொண்டுவந்து விட்டவர் போய்விட்டார். உள்ளே அழைத்துப் போக வீட்டு ஆள் வர வேண்டும்.

விஎம்வேர் வீட்டில் அந்த மெஷினுக்குக் காட்டப்பட்டது ஒரு பழைய காலத்து எல்எஸ்ஐ கன்ட்ரோலர். பாவனைதான். ஆனால் விண்டோஸ் அதை நம்பி, அதற்கான டிரைவரைத்தான் எழும்போதே தயாராக வைத்திருந்தது. புது வீட்டில் காட்டப்பட்டது விர்ட்-ஐஓ என்கிற வேறு கன்ட்ரோலர். வேகமானது, நல்லது. ஆனால் விண்டோஸ் பிறந்ததிலிருந்து பார்த்திராத முகம். டிரைவர் இல்லை. டிரைவர் இல்லாததால் டிஸ்க்கைப் படிக்க முடியாது. டிஸ்க்கைப் படிக்க முடியாததால் டிரைவரைப் போடவும் முடியாது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை.

நான் இதை இப்படி விளக்க, அண்ணாச்சி ஒரு நிமிஷம் யோசித்தார். "தறிய ஒரு ஷெட்லருந்து இன்னொரு ஷெட்டுக்கு மாத்துவோம்லா தம்பி. அதே தறி, அதே மோட்டாருதான். ஆனா கரண்ட்டு பேஸ் மாறி நின்னா மோட்டார் தலகீழா சுத்தும். ரெண்டு ஒயர மாத்திச் சொருகினா சரியாப் போவும். அதானே?"

அதுதான். த்ரீ பேஸ் மோட்டாரில் ரெண்டு ஒயரை இடம் மாற்றினால் திசை மாறும். என் விளக்கத்தைவிட அண்ணாச்சியின் விளக்கம் மேல்.

பையன் ஒயரை மாற்றினான். விர்ட்-ஐஓவிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா என்கிற சாதாரண இணைப்பில் போட்டான். சாட்டா எல்லா விண்டோஸுக்கும் தெரிந்த முகம். வேகம் குறைவு, பரவாயில்லை. முதலில் எழுந்தால் போதும். ஸ்டார்ட் கொடுத்தான். இப்போது நீலம்கூட இல்லை. ஒரே கறுப்பு. 'பூட் ஆகும் டிஸ்க் எதுவும் இல்லை' என்று ஒரு வரி.

"முன்ன நீலமாவது இருந்துச்சு" என்றார் அண்ணாச்சி.

காரணம் வேறு. காலையில் யாரோ கடைப் பையன், 'நீலத் திரைக்கு வைத்தியம்' என்று வீடியோ பார்த்துவிட்டு, செட்டிங்கில் ஒன்றைத் தட்டிவிட்டிருக்கிறான். முதலில் விழிக்கும் சின்ன புரோகிராம் என்றேனே, அதில் ரெண்டு ஜாதி. பழையது பயாஸ். புதியது யுஇஎஃப்ஐ. எந்த ஜாதியில் விண்டோஸைப் போட்டோமோ, அதே ஜாதியில்தான் எழுப்ப முடியும். இவன் யுஇஎஃப்ஐயில் பிறந்ததைப் பயாஸில் எழுப்பச் சொல்லிவிட்டான். பயாஸ் டிஸ்க்கின் தலைப்பக்கத்தில் தேடும். யுஇஎஃப்ஐக்கு வேண்டிய சாமானோ உள்ளே தனியாக ஒரு சின்ன அறையில் இருக்கும். இரண்டும் சந்தித்துக்கொள்வதே இல்லை. வீடு மாற்றுகிறவர்கள் பாதிப் பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான் என்றான் பையன். ப்ராக்ஸ்மாக்ஸில் புது மெஷின் உருவாக்கும்போது நாம் எதுவும் சொல்லாவிட்டால் பயாஸ்தான் வரும், விஎம்வேரின் பிற்காலப் பதிப்புகளிலோ புது விண்டோஸுக்கு யுஇஎஃப்ஐதான்.

மாற்றினான். சுற்றியது. வெள்ளைப் புள்ளிகள் வட்டமாக ஓடின. கன்ட்ரோல் ஆல்ட் டிலீட் அடிக்கச் சொல்லி ஒரு திரை. அண்ணாச்சி கோவில் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இருங்க, இன்னும் இருக்கு" என்றான். சாட்டாவில் ஓட விட்டால் ஓடும்தான். ஆனால் பளபளவென்று வாங்கின புதுப்பெட்டியை மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டுவானேன்? இங்கே அவன் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் ஒரே ஒரு ஜிபிக்கு ஒரு வெற்று டிஸ்க்கை, விர்ட்-ஐஓ வழியாக மாட்டினான். அதில் எதுவும் வைக்கப் போவதில்லை. சும்மா ஒரு பொம்மை. பிறகு விர்ட்-ஐஓ டிரைவர்கள் இருக்கும் சிடியைக் காட்டி இன்ஸ்டால் செய்தான். பொம்மை டிஸ்க் கண்ணெதிரே இருப்பதால், 'ஓ, இப்படி ஒரு ஆள் இருக்கிறாரா' என்று விண்டோஸ் அந்த டிரைவரை எழும்போதே தேவைப்படும் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. பொம்மை இல்லாமல் டிரைவரை மட்டும் போட்டால் பல சமயம் அது சும்மா மூலையில் கிடக்கும், பட்டியலில் ஏறாது. அப்புறம் மெஷினை அணைத்து, பொம்மையைத் தூக்கிவிட்டு, நிஜ டிஸ்க்கை விர்ட்-ஐஓவில் மாட்டி, பூட் வரிசையில் அதற்கு டிக் போட்டு (டிஸ்க்கைக் கழற்றி மாட்டினால் அந்த டிக் போய்விடும். மறந்தால் மறுபடி கறுப்புத் திரை, மறுபடி கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்) ஸ்டார்ட் கொடுத்தான். ஜம்மென்று எழுந்தது. மணி ராத்திரி ஒன்பதரை.

லினக்ஸ் வேறு மாதிரி முரண்டு பிடித்தது. நீலம் கிடையாது. எழுத்து எழுத்தாக ஓடி, ரெண்டு மூணு நிமிஷம் எதற்கோ காத்திருந்து, கடைசியில் 'டிராகட்' என்று ஒரு வார்த்தையும் பக்கத்தில் கண் சிமிட்டும் ஒரு கோடுமாக நின்றுவிட்டது. வியாதி அதேதான். லினக்ஸ் எழும்போது, தேவையான டிரைவர்களை ஒரு சின்ன மூட்டையாகக் கட்டி முதலில் தூக்கிக்கொண்டு வரும். சென்ட்ஓஎஸ் சிக்கனக்காரன். இப்போது இருக்கும் வீட்டுக்கு எது வேண்டுமோ அதை மட்டும்தான் மூட்டையில் வைக்கும். அடுத்த வீட்டுக்கான சாவி எதற்கு என்று விட்டுவிடும்.

நல்லவேளையாக, அதே சென்ட்ஓஎஸ் முதல் நாளே இன்னொரு பெரிய மூட்டையும் கட்டி வைத்திருக்கும். ஆபத்துக்கு உதவி என்று, எல்லா டிரைவர்களையும் போட்டு. ஆரம்பத்தில் வரும் மெனுவில் கடைசி வரியாக 'ரெஸ்க்யூ' என்று இருக்குமே, அது. அதைத் தேர்ந்தெடுத்ததும் எழுந்துவிட்டது. உள்ளே போய் ஒரே ஒரு கட்டளை கொடுத்து, சிக்கன மூட்டையை அவிழ்த்துப் புது வீட்டுக்குத் தகுந்த மாதிரி திரும்பக் கட்டினான். மறுபடி அணைத்து எழுப்ப, நல்லபடியாக வந்தது. (இந்த சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஆம் தேதிதான் ஆயுள் முடிந்திருந்தது. செத்துப் பத்தொன்பது நாள் ஆனவரை எழுப்பியிருக்கிறோம். இதை அண்ணாச்சியிடம் அன்றைக்குச் சொல்லவில்லை.)

சரி, ரெண்டும் எழுந்தாச்சு. கூலி புரோகிராமைத் திறந்தால், 'சர்வர் கிடைக்கவில்லை.'

அண்ணாச்சி எழுந்து போய்விட்டார். கோபம் இல்லை, காபி வாங்க. மணி பன்னிரண்டு. திருவிழாவாதலால் கடைவீதி விழித்திருந்தது. தூரத்தில் நாதஸ்வரம், பக்கத்துத் தெருவில் ராத்திரி ஷிஃப்ட் தறிச் சத்தம்.

இந்தத் தடவை டிஸ்க் இல்லை, நெட்வொர்க். பழைய வீட்டில் லினக்ஸின் நெட்வொர்க் கார்டுக்கு ஈஎன்எஸ்192 என்று பெயர். புது வீட்டில் ஈஎன்எஸ்18. கார்டு எந்தச் சொருகலில் இருக்கிறது என்பதை வைத்து லினக்ஸ் தானே வைக்கும் பெயர் அது. விலாசம் எழுதி வைத்த ஃபைலோ பழைய பெயரில் இருக்கிறது. கதவு எண்ணை மாற்றியாயிற்று, தபால்காரருக்கு யாரும் சொல்லவில்லை. ஃபைலில் பெயரைத் திருத்தினான். விண்டோஸிலும் இதே கூத்துக்கு இன்னொரு வடிவம். பழைய கார்டின் ஆவி உள்ளேயே உட்கார்ந்துகொண்டு, 'அந்த ஐபி எண் என்னுடையது' என்று தகராறு செய்தது. ஒளிந்திருந்த ஆவியைத் தேடிப் பிடித்து நீக்கின பிறகுதான் புதுக் கார்டுக்கு எண்ணைக் கொடுக்க முடிந்தது.

ராத்திரி ஒன்றே முக்காலுக்குக் கூலிப் பட்டியல் திறந்தது. கடைசியாக வியாழக்கிழமை சாயங்காலம் இறங்கின சேலை வரைக்கும் இருந்தது. வெள்ளிக்கிழமை இறங்கினதைக் கடைப் பையன் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கம்பியில் குத்தி வைத்திருந்தான். அவற்றையும் அடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனோம்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் வேண்டுமென்றே கடைப்பக்கம் போனேன். திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். ஒவ்வொருத்தராக வந்து சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டு போனார்கள். ராத்திரி நடந்ததெல்லாம் யாருக்கும் தெரியாது. ஒரு அம்மா மட்டும் சீட்டை வாங்கியதும் இடுப்பிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார்கள். நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. மகள் காலேஜில் சேரும்போது பதினைந்தாயிரம் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். வாரம் வாரம் கழித்ததைத் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். சீட்டில் பாக்கி மூவாயிரத்து ஐந்நூறு. நோட்டிலும் மூவாயிரத்து ஐந்நூறு.

"கரெக்டா இருக்காம்மா?" என்றார் அண்ணாச்சி. குரலில் லேசான நடுக்கம் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

"இருக்கு அண்ணாச்சி. பெட்டி ரிப்பேருன்னு சொன்னாவளே? எதுக்கும் பாத்துக்கிடுவோம்னுதான். உங்க பெட்டி படுத்தாலும் நம்ம நோட்டு படுக்காதுல்லா."

அண்ணாச்சியிடம் இருந்த வேறு நகல் என்னவென்று பையன் விசாரித்திருந்தான். ஒரு பென்டிரைவ். அதில் கடைசியாகக் காப்பி போட்டது முந்தின கார்த்திகையில். எட்டு மாசக் கணக்கு அதில் இல்லை. டிஸ்க் போயிருந்தால் அறுபது குடும்பத்தோடும் அண்ணாச்சி வாய்க்கணக்குப் பேசியிருக்க வேண்டும். அந்த அம்மாவைத் தவிர.

உங்கள் ஆபீஸில், கடையில், ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு குடிபெயர்ப்பு வரப்போகிறதென்றால், பழைய வீட்டில் இருக்கும்போதே செய்ய வேண்டிய சில காரியங்களைப் பையனிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். விஎம்வேர் டூல்ஸ் என்ற துணை மென்பொருளை அங்கேயே கழற்றிவிட வேண்டும். புது வீட்டுக்கு வந்தபின் அது லேசில் போகாது. ஸ்நாப்ஷாட் எடுத்து வைத்திருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் பாதி டிஸ்க்தான் வந்து சேரும். பயாஸா, யுஇஎஃப்ஐயா என்று பார்த்துக் காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும், கூடவே ஐபி எண்களையும். எல்லாவற்றையும்விட முக்கியம், விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவி. புது வீட்டைப் பார்த்ததும் பிட்லாக்கர், 'இது நான் இருந்த மெஷின் இல்லையே' என்று சந்தேகப்பட்டு அந்த எண்ணைக் கேட்கும். இல்லையென்றால் யார் வந்து மண்டியிட்டாலும் திறக்காது. அந்தச் சாவியை அந்த மெஷினுக்குள்ளேயே ஒரு ஃபைலில் சேமித்து வைத்திருக்கும் புத்திசாலிகளையும் தனக்குத் தெரியும் என்றான்.

இதையெல்லாம் தானே செய்யும் மென்பொருள்களும் இருக்கின்றன. விர்ட்-விடுவி என்று ரெட்ஹாட்காரர்கள் தயாரித்தது ஒன்று. டிஸ்க்கைத் திறந்து, டிரைவரைச் செருகி, மூட்டையைத் திருத்தி அனுப்பிவிடும். ப்ராக்ஸ்மாக்ஸும் 2024-லேயே விஎம்வேரிலிருந்து நேராக இழுத்துக்கொள்ள வழி செய்துவிட்டது. இழுத்து வந்து போட்டுவிடும், சரி. விண்டோஸுக்குள் டிரைவர் போடுவது அப்போதும் நம் தலையில்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்பும் முன் விடைபெறப் போனபோது, அண்ணாச்சி பழைய பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். "இத என்ன செய்ய? பழைய இரும்புக்குப் போட்ருவமா?"

"ஒரு மாசம் அப்படியே இருக்கட்டும் அண்ணாச்சி" என்றான் பையன். "ஆனா தப்பித் தவறிக்கூட யாரும் ஆன் பண்ணிரப்படாது. பழசும் புதுசும் ஒரே ஐபி எண்ணுல எழுந்திரிச்சா, கணக்கு எதுல ஏறும்னு எனக்கே தெரியாது."

அண்ணாச்சி குனிந்து, பின்னாலிருந்த பவர் ஒயரைப் பிடுங்கினார். அதைச் சுருட்டி, மேஜையிலிருந்த பாவு நூலால் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். இரும்புப் பெட்டியைத் திறந்து, பத்திரங்கள் இருக்கும் தட்டில் வைத்துப் பூட்டினார். அப்புறம் கடைப் பையனைக் கூப்பிட்டு, தேரடிப் பக்கம் போய் சிவப்பு அட்டை போட்ட சிட்டை இப்போதும் விற்கிறார்களா என்று பார்த்து, இருந்தால் ரெண்டு வாங்கி வரச் சொன்னார்.